கத்தி படுவதற்கு முன்பே முடிந்துவிடும் வேலை

வாசகர் கேள்விகள் – அறுவைச் சிகிச்சை மருத்துவரின் பதில்கள்

குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு காயத்தில் தொற்று வராமல் இருக்க எத்தனை நாள் ஆன்டிபயாடிக் தேவை என்று சில வாசகர்கள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். மருந்து குறைந்துவிட்டதே என்று ஒருவர் அஞ்சுகிறார். அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டார்களோ என்று இன்னொருவர் ஐயப்படுகிறார். ஒரு கடிதத்துக்கான விடையின் பாதி மற்றொரு கடிதத்தில் இருப்பதால், அவற்றை இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பத்தொன்பது வயதான என் மகனுக்குக் குடல்வால் அழற்சி என்று அவசரமாக அறுவைச் சிகிச்சை செய்து, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருந்துச் சீட்டில் வலி மாத்திரை மட்டுமே இருக்கிறது. ஆன்டிபயாடிக் ஒன்றுகூட இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் தங்கைக்கு இதே அறுவை நடந்தபோது ஏழு நாள் ஊசி போட்டு, அதன் பிறகும் மாத்திரை கொடுத்தார்கள். இது அலட்சியம் இல்லையா?

பதில்: உங்கள் மகனுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருக்கும், நீங்கள் பார்க்காத நேரத்தில் கொடுக்கப்பட்டிருக்கும். அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுக்கும் வேளையில், தோலில் கத்தி படுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள், நரம்பு வழியாகச் செலுத்தப்படும் அந்த ஒரு தவணைதான் காயத்தைக் காக்கும் மருந்து. மருத்துவமனை தந்த சுருக்க அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் மறுபரிசோதனைக்குப் போகும்போது கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

ஒரே தவணை எப்படிப் போதும் என்ற உங்கள் வியப்பு நியாயமானது. வயிற்றைத் திறந்து குடல்வாலை அறுத்தெடுக்கும்போது, பெருங்குடலில் வாழும் கிருமிகளில் சில, எவ்வளவு கவனமாக இருந்தாலும், கீறலின் ஓரங்களில் படிந்துவிடுகின்றன. அந்தத் தருணத்தில் தோலுக்கடியிலுள்ள திசுவிலும் கொழுப்பிலும் இரத்தத்திலும் மருந்து போதிய அளவு நிறைந்திருந்தால், கிருமிகள் பெருகத் தொடங்குமுன்பே மடிந்துபோகும். மருந்து அப்போது இல்லாமல் சில மணி நேரம் கழித்து வந்தால், கிருமிகள் திசுவில் ஊன்றிக்கொண்டிருக்கும். காயத்தின் ஓரங்களில் இரத்த ஓட்டமும் குறைந்து வீக்கம் வந்திருக்கும். மருந்து சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகச் சேராது. ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1961-இல் கினிப் பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழையும் நேரத்தில் மருந்து உடலில் இருந்தால் புண் ஏறக்குறைய வரவேயில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது, மருந்தே கொடுக்காத விலங்குகளுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு இருக்கவில்லை.

மனிதர்களிடமும் இதே கதைதான். 1992-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யப்பட்ட அறுவைகளுக்கு உள்ளான 2,847 பேரைப் பின்தொடர்ந்தது. கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதத்தினருக்குக் காயத்தொற்று வந்தது. கீறலுக்குப் பிறகு மூன்று மணி நேரத்துக்கும் மேல் கழித்துப் பெற்றவர்களில் 3.3 சதவீதத்தினருக்கு வந்தது. வியப்பு என்னவென்றால், இரண்டு மணி நேரத்துக்கும் வெகு முன்னதாகவே கொடுத்துவிட்டவர்களிடம் அது 3.8 சதவீதமாக இருந்தது. மிக முந்திக்கொண்டாலும் மிகப் பிந்தினாலும் பயன் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்துவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

குடல்வாலுக்கு மட்டும் என்று பார்த்தால், ஆன்டிபயாடிக்கையும் போலி மருந்தையும் ஒப்பிட்ட 45 ஆய்வுகளை, மொத்தம் 9,576 நோயாளிகளை, ஒன்றுசேர்த்து ஆராய்ந்த காக்ரேன் மீளாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பு காக்ரேன்) 2005-இல் புதுப்பிக்கப்பட்டது. எடுக்கப்பட்ட குடல்வால் எந்த நிலையில் இருந்தாலும், ஆன்டிபயாடிக் பெற்றவர்களுக்குக் காயத்தொற்றும் வயிற்றுக்குள் சீழ்க்கட்டியும் குறைவாகவே வந்தன என்பது அதன் முடிவு. ஆகவே மருந்து வேண்டுமா என்பதில் இப்போது விவாதம் இல்லை. எவ்வளவு நாள் என்பதில்தான் பழைய வழக்கமும் புதிய சான்றும் மோதுகின்றன. 2005-இல் ஹாங்காங் மருத்துவர்கள், குடல்வால் வெடிக்காத 269 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, முதல் பிரிவினருக்கு ஒரே தவணையும், இரண்டாம் பிரிவினருக்கு மூன்று தவணையும், மூன்றாம் பிரிவினருக்கு ஐந்து நாள் மருந்தும் கொடுத்தார்கள். தொற்று முறையே 6.5, 6.4, 3.6 சதவீதம். கடைசி எண் சிறியதாகத் தெரிகிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதன்முறை படித்தபோது அந்த இடத்தில் நின்றேன். அத்தனை பேரைக் கொண்ட ஆய்வில் அந்த அளவு வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது என்பதால் அதைப் பலன் என்று ஏற்க முடியவில்லை. மருந்தால் வந்த உபாதைகளோ ஐந்து நாள் பிரிவில் உறுதியாகவே அதிகமாக இருந்தன.

உங்கள் தங்கைக்கு ஏழு நாள் ஊசி போட்டவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், மூத்தவர் எழுதிய ஏழு நாளை ஆறாக்கக்கூட எங்களுக்குத் துணிவு இருந்ததில்லை. ஏன் ஏழு என்று யாரும் கேட்டதும் இல்லை. வாரத்துக்கு ஏழு நாள் என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு காரணம் இருந்திருக்குமா என்பது எனக்கு இன்றும் ஐயமே. தங்கையின் குடல்வால் வெடித்திருந்ததா என்பதையும் விசாரித்துப் பாருங்கள்; அப்படியானால் அது வேறு கணக்கு. அடுத்த கடிதம் அதைப் பற்றியதே.

கேள்வி: என் கணவருக்குக் குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்ததாகச் சொன்னார்கள். ஐந்து நாள் நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கும் அதே அறுவைதான். அவருக்கு அறுவைக்குப் பிறகு எதுவுமே ஏற்றவில்லை. ஒரே மருத்துவமனையில், ஒரே நோய்க்கு, ஏன் இந்த வேறுபாடு?

பதில்: பெயர்தான் ஒன்று, அறுவை மருத்துவர் உள்ளே பார்த்தது வேறு. குடல்வால் வீங்கிச் சிவந்திருந்தாலும் கிழியாமல் முழுதாக வெளியே வந்துவிட்டால், நோயின் ஊற்று அதனோடே போய்விடுகிறது. அதன் பிறகு மருந்துக்கு மீதி வேலை இல்லை. 2020-இல் வெளியான உலக அவசர அறுவைச் சிகிச்சைச் சங்கத்தின் வழிகாட்டி, சிக்கலற்ற குடல்வால் அழற்சிக்கு அறுவைக்கு முன் ஒரு தவணை கொடுத்தால் போதும், பிறகு தொடர வேண்டாம் என்றே சொல்கிறது. குடல்வால் அழுகியோ, வெடித்தோ, சுற்றிலும் சீழ் கட்டியோ இருந்தால், அதை எடுத்துக் கழுவிய பிறகும் வயிற்று உறையின் மடிப்புகளில் கிருமிகள் எஞ்சியிருக்கும். அங்கே கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் முன்காப்பு என்ற நிலையைக் கடந்து, ஏற்கனவே வந்துவிட்ட தொற்றுக்கான சிகிச்சை ஆகிவிடுகிறது. நோயாளியின் கண்ணுக்கு இரண்டும் ஒரே பாட்டிலில் தொங்கும் ஒரே மருந்துதான். நோக்கமும் கால அளவும் முற்றிலும் வேறு.

அந்தச் சிகிச்சைக்கும் எத்தனை நாள் என்ற கேள்வி அண்மைக் காலத்தில் மாறிவந்திருக்கிறது. குடல்வால் மட்டுமன்றிப் பல காரணங்களால் வயிற்றுக்குள் தொற்று வந்த 518 பேரிடம், தொற்றின் ஊற்றை அறுவையாலோ வடிகுழாயாலோ சரிவர அகற்றிய பிறகு, ஏறத்தாழ நான்கு நாள் மருந்து கொடுத்தவர்களையும், காய்ச்சலும் வெள்ளணுக் கணக்கும் அடங்கும்வரை காத்திருந்து எட்டு நாள் அளவுக்குக் கொடுத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2015-இல் வெளிவந்தது. சிக்கல்கள் ஒரு பக்கம் 21.8 சதவீதம், மறுபக்கம் 22.3 சதவீதம், நாள் கூடியதால் ஒன்றும் கூடவில்லை. 2023-இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி சென்று, சிக்கலான குடல்வால் அழற்சிக்கு அறுவை செய்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இரண்டு நாளையும் ஐந்து நாளையும் ஒப்பிட்டது. தொற்றுச் சிக்கலும் உயிரிழப்பும் சேர்ந்து இரண்டு நாள் பிரிவில் 10 சதவீதம், ஐந்து நாள் பிரிவில் 8 சதவீதம். முன்கூட்டி வகுத்த வரம்புக்குள் இரண்டும் சமம் என்றே ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். இருந்தாலும், இரண்டு நாளில் நிறுத்தப்பட்டவர்கள் மீண்டும் மருத்துவமனைக்குத் திரும்பியது அதிகம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அறுவை, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் நடந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. ஆகவே உங்கள் கணவருக்குக் கொடுத்த ஐந்து நாள் மிகை என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று நாளில் நிறுத்தியிருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டேன். பத்து நாள் என்று எழுதியிருந்தால் காரணம் கேட்டிருப்பேன்.

கேள்வி: என் அறிக்கையில் செஃபசோலின், மெட்ரோனிடசோல் என்று இரண்டு மருந்துகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு காயத்துக்கு ஏன் இரண்டு?

பதில்: குடலில் இரு வகைக் கிருமிகள் கூடி வாழ்கின்றன. ஈ கோலை போன்றவை காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழும். பாக்டீராய்டிஸ் போன்றவை பிராணவாயு இல்லாத இடத்திலேயே செழிக்கும். செஃபசோலின் முதல் வகையில் பலவற்றையும், தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியையும் தாக்கும். இரண்டாம் வகைக்கு மெட்ரோனிடசோல் தேவை. செஃபாக்சிடின் போன்ற சில மருந்துகள் தனியாகவே இரு வகையையும் ஓரளவு எட்டும் என்பதால், சில இடங்களில் அந்த ஒன்றை மட்டும் தருவார்கள். செஃபசோலின் இரத்தத்திலிருந்து விரைவில் கழிந்துவிடுவதால், அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ இரத்த இழப்பு மிகுந்தாலோ நடுவே மீண்டும் ஒரு தவணை கொடுக்க வேண்டும். சாதாரணக் குடல்வால் அறுவை அவ்வளவு நேரம் நீள்வதில்லை.

கேள்வி: ஆன்டிபயாடிக் கொடுத்தும், எட்டாம் நாள் தையல் அருகே சிவந்து சீழ் வந்துவிட்டது. மருத்துவர் இரண்டு தையலைப் பிரித்து, கழுவிக் கட்டுப் போட்டார். மாத்திரை எதுவும் எழுதவில்லை. முதலில் கொடுத்த மருந்து சரியில்லையா? இப்போதும் மருந்து தராமல் விட்டது சரியா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனெனில் அதுதான் உங்களை இப்போது வருத்துவது. தோலுக்கும் அதன் அடியிலுள்ள கொழுப்புக்கும் இடையே மட்டும் சீழ் தேங்கியிருந்தால், அதை வெளியேற்றுவதே சிகிச்சை. தேங்கிய சீழுக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால், மாத்திரை போய்ச் சேர வழி இல்லை. தையலைப் பிரித்து வடியவிட்டால் உடல் தானே ஆற்றிக்கொள்ளும். சுற்றிலும் சிவப்பு வேகமாகப் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நோயாளிக்கு எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தாலோதான் மருந்தும் சேர்த்துத் தருவோம். உங்கள் மருத்துவர் சோம்பலால் விட்டுவிடவில்லை.

முதல் கேள்விக்கு: முன்காப்பு மருந்து ஆபத்தைக் குறைக்கிறது, துடைத்தழிப்பதில்லை. காயத்தொற்று பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே தலைகாட்டும் என்பதால், வீட்டுக்குப் போன பிறகே அது தெரியவருகிறது. அறுவைக்குப் பின் 30 நாளுக்குள் வருவதை அறுவைக் காயத்தொற்று என்றே கணக்கிடுகிறோம். மருந்தைத் தவிர வேறு பலவும் அதைத் தீர்மானிக்கின்றன. புகைப்பவரின் தோலில் இரத்த ஓட்டம் குறைவு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரின் வெள்ளணுக்கள் மந்தம். பருத்த உடலில் கொழுப்பு அடுக்கு தடித்திருப்பதால் மருந்து பரவுவது கடினம். அறுவை மேஜையில் உடல் குளிர்ந்துபோவதுகூட ஒரு காரணம். பெருங்குடல் அறுவைக்கு உள்ளான 200 பேரிடம் 1996-இல் நடத்திய ஆய்வில், உடலைக் கதகதப்பாக வைத்திருந்தவர்களில் 6 சதவீதத்தினருக்கும், குளிரவிடப்பட்டவர்களில் 19 சதவீதத்தினருக்கும் காயத்தொற்று வந்தது. ஒரு போர்வை செய்யும் வேலையை மருந்துக்கடை முழுவதும் சேர்ந்து செய்துவிட முடியாத இடங்கள் அறுவை அரங்கில் உண்டு. மூன்று சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில், பெரிய கீறலைவிடக் காயத்தொற்று குறைவு.

தையலிலிருந்து கசியும் எல்லாமும் சீழ் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தெளிந்த மஞ்சள் நீர் சில நாள் கசிவது வெறும் நிணநீராக இருக்கலாம். நாற்றம், கலங்கல், கூடிக்கொண்டே போகும் வலி, தொட்டால் சூடு ஆகியவை இருந்தால் காட்ட வேண்டும். மேலே காயம் நன்றாகவே ஆறியிருக்க, உள்ளே குளிர்க்காய்ச்சலும், வாந்தியும், வயிற்று உப்புசமும், மலம் கழிக்கும்போது ஓயாத உந்துதலும் வந்தால், அது இடுப்புக்குழியில் சீழ்க்கட்டி உருவாவதற்கான அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுபரிசோதனை நாள்வரை காத்திருக்கக் கூடாது.

கேள்வி: தேவையில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் கூடுதலாகச் சாப்பிட்டால் என்ன குடி முழுகிவிடும்? வீட்டில் முன்பு மீந்த மாத்திரைகள் இருக்கின்றன. மன நிம்மதிக்காகவாவது எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எடுத்துக்கொள்ளாதீர்கள். பெருங்குடலில் நன்மை செய்யும் கிருமிகள் கூட்டமாக வாழ்கின்றன. ஆன்டிபயாடிக் அவற்றையும் சேர்த்தே அழிக்கும். காலியான அந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் என்ற கிருமி பெருகினால், சாதாரண வயிற்றுப்போக்கில் தொடங்கி உயிருக்கே ஆபத்தான குடல் அழற்சிவரை போகலாம். மருந்து கூடிய நாளுக்கேற்ப அந்த வாய்ப்பும் கூடுகிறது. இரண்டாவதாக, மருந்துக்கு அடங்காத கிருமிகள் உங்கள் குடலிலேயே வளர்ந்து தங்கிவிடும். பிறகு என்றாவது சிறுநீர்த் தொற்றோ வேறெதுவோ வந்து உண்மையிலேயே மருந்து தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாமல் போகலாம். தேவையற்ற மருந்தைத் தவிர்ப்பது சமூகத்துக்கான தியாகம் என்பதுபோலச் சிலர் பேசுகிறார்கள். முதலில் பாதிக்கப்படுவது அந்த மருந்தை விழுங்கியவரே. மீந்த மாத்திரை எந்தக் கிருமிக்கு, எந்த அளவில் எழுதப்பட்டது என்பதும் தெரியாது. அது பழைய கிருமிக்கான மருந்தாக இருந்து, இப்போது உண்மையிலேயே தொற்று இருந்தால், அறிகுறிகளை மட்டும் மங்கச் செய்து நோயைக் கண்டறிவதைத் தள்ளிப்போடும்.

இதன் மறுபக்கத்தையும் எழுதாமல் விட்டால் தவறாகிவிடும். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதித் தந்த மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுக்குள் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நாள் அதிகமாகத் தோன்றினால், என் குடல்வால் வெடித்திருந்ததா, இந்த மருந்து காப்புக்கா சிகிச்சைக்கா என்ற இரண்டு கேள்விகளை அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: சிறு வயதில் பென்சிலின் போட்டபோது உடலில் தடிப்பு வந்ததாக அம்மா சொல்வார். எனக்குக் குடல்வால் அறுவை நடந்தால் என்ன மருந்து கொடுப்பார்கள்?

பதில்: இதை அவசர சிகிச்சைப் பிரிவில் கால் வைத்தவுடனேயே சொல்லிவிடுங்கள். எந்த வயதில், மருந்து போட்ட எவ்வளவு நேரத்தில், என்ன வந்தது, மூச்சுத்திணறலோ முகவீக்கமோ இருந்ததா என்பனவற்றையும் சொன்னால் மிகவும் உதவும். பென்சிலின் ஒவ்வாமை என்று பதிவாகியிருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பரிசோதித்துப் பார்த்தால் அது இருப்பதில்லை; குழந்தைப் பருவத்துத் தடிப்புகள் பலவும் அந்த நேரத்து வைரஸ் காய்ச்சலால் வந்தவை. அதே சமயம், மெய்யான கடும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு க்ளிண்டாமைசினோடோ மெட்ரோனிடசோலோடோ ஜென்டாமைசின் போன்றதைச் சேர்த்துத் தரும் மாற்று வழிகள் உண்டு. அறுவை முடிந்து நலமான பிறகு ஒவ்வாமை நிபுணரைக் கண்டு, அந்தப் பதிவு உண்மையா என்று ஒருமுறை தீர்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: அறுவைக்கு முன் வயிற்று மயிரை மழிக்காமல், எந்திரத்தால் கத்தரித்துவிட்டு மட்டும் அழைத்துப் போனார்கள். இப்படிச் செய்தால் கிருமி தங்காதா? தையலில் ஆன்டிபயாடிக் தூள் தூவலாமா?

பதில்: பிளேடால் மழிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிறு வெட்டுகள் விழுந்து, அவற்றில்தான் கிருமிகள் குடியேறுகின்றன. மயிரை எடுக்கவே வேண்டாம், எடுத்தே ஆக வேண்டுமென்றால் கத்தரிக்கும் எந்திரத்தால் மட்டும் எடுங்கள் என்று உலகச் சுகாதார அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. ஆகவே செய்தது சரிதான். தூள் வேண்டாம், களிம்பும் வேண்டாம். தைத்த காயத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ 48 மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். அதன் பிறகு உங்கள் மருத்துவர் தடை சொல்லாவிட்டால் குளிக்கலாம், காயத்தைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்தால் போதும்.